ஆட்கள் வேண்டாம் என்று சொன்ன படப்பிடிப்பு

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது. கல்யாண மண்டபத்தில்கூட அப்படித்தான். "அம்மா, நாம சாப்பிட வந்திருக்கோம்" என்று மகள் கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் விலகிய பிறகு சேர்ந்தவள். இப்போதெல்லாம் படம் எடுக்க யாரும் தொழிற்சாலைக்குள் அதிகம் போவதில்லையாம். நாலைந்து புகைப்படம் கொடுத்தால் கம்ப்யூட்டரே முழு விளம்பரத்தையும் செய்து கொடுத்துவிடுகிறதாம்.

"ஆனா மேடம், அது செய்யற ஃபேக்டரி பொம்மை வீடு மாதிரி இருக்கு. நிஜமா உள்ள என்னல்லாம் இருக்கும்? நீங்க நோட்டுல எழுதி வெச்சிருப்பீங்கன்னு சொன்னாங்க."

எழுதி வைத்திருக்கிறேன், தொழிற்சாலைக்கு ஒரு நோட்டு. பரணிலிருந்து இறக்கி அவளுக்காகப் புரட்ட ஆரம்பித்தேன். தரையில் எண்ணெய் எங்கே வழுக்கும், எந்த விளக்கு கேமராவில் படபடக்கும், எத்தனை மணிக்கு டீ என்று பக்கம் பக்கமாக இருந்தது. இரண்டு நாள் பொறுமையாகச் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு நோட்டைத் திறந்ததும் மூடிவிட்டேன். அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கேமராவைத் தொட்டவள் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலைக்குள் விளம்பரப் படமோ புகைப்படமோ எடுக்க ஒரு குழு போக வேண்டுமென்றால், அதற்கு முன்பே போய்ப் பார்த்து, எப்போது, எங்கே, எத்தனை நிமிடம், யாரிடம் அனுமதி என்று திட்டம் போட்டுக் கொடுப்பவள். அப்படி முன்கூட்டிப் போய்ப் பார்ப்பதை எங்கள் தொழிலில் ரெக்கி என்பார்கள்.

என் சொந்த ஊர் செய்யூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சர்ச் பள்ளியில் படித்து, டைப்ரைட்டிங் முடித்து, மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் ஆறு வருடம் இருந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று குறிக்கிற வேலை. அங்கே படம் எடுக்க வந்தவர்தான் வரதராஜன் சார். அவர் டைம் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "ஷிஃப்ட் மாறும்போது இந்த வழியில எத்தனை பேர் வருவாங்கம்மா?" என்று கேட்டார்.

"நூத்திப்பத்து பேர் சார். ஆனா சைரன் ஊதறதுக்கு நாலு நிமிஷம் முன்னாடியே முப்பது பேர் கை கழுவப் போயிடுவாங்க."

மறு வாரமே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

வரதராஜன் சாருக்குத் திருக்கழுக்குன்றம். அவர் அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தன்னைவிட இருபது வயது சின்னவர்களையும் நீங்க என்றுதான் கூப்பிடுவார். ஒருவர் தப்பு செய்துவிட்டால் திட்ட மாட்டார். பென்சில் சீவ ஆரம்பிப்பார். அவர் சீவி முடிப்பதற்குள் செய்தவருக்கு வேர்த்துவிடும். ரெக்கி முடிந்து வந்து உட்கார்ந்ததும் மூன்று கேள்வி கேட்பார்.

"எது நிக்கக் கூடாது? எது பத்திக்கும்? யாருக்கு நம்மால வேலை கெடும்?"

மூன்றுக்கும் பதில் இல்லாமல் படப்பிடிப்புத் தேதி கொடுக்க மாட்டார். திரும்பவும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்.

முதல் கேள்வியின் அருமை எனக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில்தான் புரிந்தது. அங்கே நீளமான அடுப்பு. மாவு வில்லைகள் ஒரு பட்டையில் ஏறி, அடுப்புக்குள் போய், அந்தப் பக்கம் பிஸ்கட்டாக வெளியே வரும். டைரக்டருக்கு பிஸ்கட் வெளியே வரும் வாய்ப்பக்கம் காலியாக வேண்டும். ஒரு குழந்தை முதல் பிஸ்கட்டை எடுப்பது போல் காட்சி. "மூணே மூணு நிமிஷம் பெல்ட்டை நிறுத்தச் சொல்லுங்க" என்றார். பட்டை நின்றால் அடுப்புக்குள் இருப்பதெல்லாம் கருகிவிடும், புகை கிளம்பும், அலாரம் அடிக்கும், அன்றைய ஷிஃப்டே போச்சு. இது எனக்கு ரெக்கியிலேயே தெரியும். அதனால் ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். மாவு போடுகிற இடத்தில் நாலு நிமிடம் மட்டும் போடாமல் விட்டார்கள். பட்டை நிற்கவில்லை, காலியான பட்டை அடுப்புக்குள் போய், சொன்ன நேரத்தில் அந்தப் பக்கம் காலியாகவே வந்து சேர்ந்தது. கேமரா தயாராக இருந்தது. நாலு நிமிடத்தில் ஆறு டேக்.

மாவில் எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று அன்றைக்கு மேக்கப் போடும் பெண்ணின் ஹேர்பின்னை எண்ணி உள்ளே விட்டிருந்தார்கள். போகும்போது இருபத்துநாலு. வரும்போது இருபத்துமூன்று. ஒரு பின்னுக்காக மொத்த உற்பத்தியையும் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுத் தேடினோம். கடைசியில் அந்தப் பெண்ணின் சொந்தக் கொண்டையிலேயே இருந்தது. சார் அப்போதும் திட்டவில்லை. இரண்டு பென்சில் சீவினார்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். நான் மூடிவைத்த நோட்டு வேறு.

அது செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளடங்கி இருந்த தொழிற்சாலை. பெயர் வேண்டாம். வண்டிகளுக்கான கியர் வெட்டும் இடம். நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் இருநூற்றெண்பது பேர். மூன்று நாள் வேலை. வீடியோவும் வேண்டும், புகைப்படமும் வேண்டும். விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அதுவும் வழக்கம்தான். புது மாடல் வரும்போது அப்படி வாங்குவார்கள்.

அவர்கள் அனுப்பிய பட்டியலைச் சார் என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் போகும்போதே படித்தேன். அறுபத்திரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றும் நாலு பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டும். பெயர்ப் பலகை கிட்டத்தில் வேண்டும். தரையோடு பிணைத்திருக்கும் போல்ட் வேண்டும். மேலே ஓடும் கிரேன் எவ்வளவு எடை தூக்கும் என்று எழுதியிருக்கும் தகடு வேண்டும். சரக்கு ஏற்றும் கதவின் அகலம், டேப் பிடித்து அளவு தெரியும்படி வேண்டும். கடைசி வரியில், எந்தப் படத்திலும் ஆட்கள் வேண்டாம்.

நான் நூற்றுக்கணக்கான பட்டியல் பார்த்தவள். வளர்கிற கம்பெனி முகங்களைக் கேட்கும். முதலாளி ஹெல்மெட் போட்டு நடந்து வர வேண்டும், பெண் தொழிலாளி சிரிக்க வேண்டும், புது இயந்திரத்துக்குப் பொட்டு வைத்திருக்க வேண்டும் என்று எழுதுவார்கள். கதவின் அகலத்தை யார் கேட்பார்கள்? எதையோ வெளியே கொண்டு போகப் போகிறவர்கள்தான்.

படாளம் தாண்டும்போது எனக்குப் புரிந்துவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

ரெக்கிக்குப் போன அன்று எனக்குத் துணையாக ஒரு எலக்ட்ரீஷியனை விட்டார்கள். பெயர் ஏழுமலை. நாற்பது வயது தாண்டியவர். பதினேழு வருட சர்வீஸ். எந்தப் பலகையிலிருந்து எங்கள் விளக்குகளுக்கு மின்சாரம் எடுக்கலாம், எதில் கை வைத்தால் எந்த இயந்திரம் நிற்கும் என்று ஒன்றொன்றாகக் காட்டினார். நான் கேட்பதற்கு முன்பே பதில் சொல்வார். அவரும் செய்யூர் பக்கம்தான் என்று தெரிந்ததும் இருவருக்கும் பேச்சு இலகுவாகிவிட்டது.

"இந்த மூணாவது வரிச லைட்டு ஃபோட்டோவுல கோடு கோடா வுழும் மேடம். ஒரு தபா வேற எவனோ எடுத்தாங்கோ, எல்லாம் நாசமாப் பூடுச்சி. நான் அத்த அணைச்சி வுட்டுர்றேன். நீங்க உங்க லைட்ட போட்டுக்கோங்க."

முதல் நாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் சாமான் இறக்கினோம். பிறகு ஷிஃப்டுக்கு ஆட்கள் வந்தார்கள். யூனிஃபார்ம் எல்லாம் இஸ்திரி போட்டிருந்தது. அத்தனை பேரும் முகம் மழித்திருந்தார்கள். ஒருவர் தலைக்கு மை பூசிக்கொண்டு வந்திருந்தார். அவசரத்தில் காதோரம் கறுப்பு ஒட்டியிருந்தது. முந்தின இரண்டு நாளும் ஓவர்டைம் கேட்காமல் இயந்திரங்களைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

ஒளிப்பதிவாளர் ஒவ்வொரு இயந்திரத்திடமும் போவார். அதில் நின்றுகொண்டிருப்பவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்வார். நான் போய், "கொஞ்சம் அந்தப் பக்கம் வந்துடறீங்களா?" என்பேன். அவர் நகர்வார். படம் எடுப்போம். அடுத்த இயந்திரம். மறுபடியும் ஒருவர் நிமிர்வார். அன்று ஒரு நாளில் அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொன்னேனோ. சாயங்காலம் வாய் கசந்தது.

ஏழுமலை கேபிள் சுற்றிக்கொண்டே கேட்டார். "இன்னா மேடம், எங்க மூஞ்சிலாம் கேமராவுக்குப் புடிக்கலியா? நாங்க எப்போ வர்றது?"

"கடைசி நாள் வருவீங்க" என்றேன். யோசிக்காமல் வந்த பொய்.

மறுநாள் டீ நேரத்தில் அவரே என்னைத் தேடிக்கொண்டு மின்சாரப் பலகைகள் இருக்கும் பேனல் ரூமுக்கு வந்தார். வெளியே எல்லோரும் டம்ளரோடு நின்றிருந்தார்கள். உள்ளே நாங்கள் இருவர்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்கோ. கல்பாக்கம் டவுன்ஷிப்ல ஒரு கான்ட்ராக்டர் என்னைக் கூப்ட்டுகினு கீறாரு. மெயின்டனன்ஸ் வேல. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வூட்ல போயிடுன்னு ஒரே நச்சு. நான்தான் யோசிக்கிறேன். இங்க அடுத்த சூப்பர்வைசரு நான்தான், வரிசைல கீறேன். இப்ப ஷூட்டிங்லாம் எடுக்குறாங்கோ. கம்பெனி பெரிசாவப் போவுதுன்னுதானே அர்த்தம்? நீங்க எத்தினி ஃபேக்டரி பாத்துகிறீங்க. சொல்லுங்க."

"எனக்கு அதெல்லாம் சொல்ல மாட்டாங்க ஏழுமலை" என்றேன்.

"சொல்ல மாட்டாங்கோ. ஆனா உங்களுக்குத் தெரியும்ல?"

அதற்குள் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். ஓடிவிட்டேன். உண்மையாகவே ஓடினேன், பாதுகாப்பு ஷூவோடு, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி. தொழிற்சாலைக்குள் ஓடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான்.

அன்று மத்தியானம் வரதராஜன் சார் வந்திருந்தார். அவரை காருக்குள் உட்கார வைத்துக் கேட்டேன்.

"சார், இது மூடறதுக்காக எடுக்கற படம்தானே? மெஷினை விக்கறதுக்கு."

அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். "நமக்குத் தெரியாது எஸ்தர். யாரும் நம்மகிட்ட அப்படிச் சொல்லலை. நாம ஊகிக்கிறோம். ஊகிக்கிறது தெரிஞ்சதாகாது."

"பட்டியலைப் பார்த்ததும் உங்களுக்குத் தோணலையா?"

"தோணினது."

"அப்ப ஏன் சார் எடுத்தோம்?"

"நாம எடுக்கலைன்னா இன்னொருத்தர் எடுப்பார். கதவு அகலம் மாறிடாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவரிடம் அதுவரை நான் கோபப்பட்டதே இல்லை. "சார், இந்த ரெக்கி முடிஞ்சு வந்தப்ப நீங்க ரெண்டு கேள்விதான் கேட்டீங்க. மூணாவதைக் கேக்கவே இல்லை" என்றேன்.

சார் பையில் பென்சிலைத் தேடினார். எடுத்தவர் சீவவில்லை. திரும்பவும் உள்ளே வைத்துவிட்டார். "கையெழுத்துப் போட்டிருக்கோம்மா" என்றார். அந்த 'ம்மா'வில் ஒரு கெஞ்சல் இருந்தது. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

அன்றைக்கு இரவு நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். இருநூற்றெண்பது பேருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு ஆள் என்னைக் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டிய ஆள். அவருக்கு மட்டும் சொன்னால் என்ன? அதில் யாருக்கு நஷ்டம்?

மூன்றாம் நாள் கதவைப் படமெடுத்தோம். டேப்பின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன். இன்னொரு நுனியை ஏழுமலை பிடித்தார். எங்கள் கை மட்டும் ஃபிரேமில் தெரிகிறது என்று ஒளிப்பதிவாளர் கொஞ்சம் விலகச் சொன்னார். படம் முடிந்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டே ஏழுமலை பக்கத்தில் போனேன். அலுவலகத்தில் பேசுகிற பேச்சு வரவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"கல்பாக்கம் வேலய வுடாதீங்கோ. நாளைக்கே போய் சரின்னு சொல்லிடுங்கோ. இது உங்களுக்கு மட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்கோ."

அவர் டேப்பைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு கதவுக்கு உள்ளே வரிசையாக நின்ற இயந்திரங்களைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. "சரி மேடம்" என்றார்.

வியாழக்கிழமை எனக்கு மனசு லேசாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். திங்கட்கிழமை காலை அந்தத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருந்த ஒரு கிளார்க் எனக்கு போன் செய்தார். பழைய நாளில் என்னோடு வேலை பார்த்தவர்.

"எஸ்தர், இங்க கேட்டுல மொத்த பேரும் உக்காந்துகினு கீறாங்கோ. மெஷினு வெளிய போவ வுட மாட்டோம்ன்றாங்கோ. ஏழுமலைதான் முன்னாடி. உனக்கு எதுனா தெரியுமா?"

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஆத்திரம். உனக்காகத்தானே சொன்னேன், நீ பிழைத்துப் போக வேண்டும் என்றுதானே சொன்னேன் என்று அந்த ஆளை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். சாயங்காலம் அவருக்கே போன் செய்தேன். பின்னால் கோஷம் கேட்டது.

"ஏழுமலை, உங்களுக்கு மட்டும்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்கோ மேடம். நானும் ரெண்டு நாளு அப்டித்தான் வெச்சிகினு இருந்தேன். முடியல. கேன்டீன்ல எதிர்ல உக்காந்து துன்றானுங்கோ. ஒருத்தன் பொங்கலுக்கு வூட்டுக்கு வெள்ள அடிக்கப் போறேன்றான். இன்னொருத்தன், எப்போடா நம்மள ஃபோட்டோ எடுப்பாங்கோன்றான். சோறு எறங்கல. உங்க பேர நான் சொல்லல. சொல்ல மாட்டேன். பயப்படாதீங்கோ."

"கல்பாக்கம்?"

"வெள்ளிக்கிழம பூடுச்சே" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

அவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஆலை மேலாளருக்குச் சந்தேகம் எங்கள் மேல்தான். சாருக்கு போன் வந்தது. சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீங்கதானா?"

"ஆமா சார்."

"சொல்றதுன்னு முடிவு பண்ணினதும் முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார்.

"அதனாலதான் சார் சொல்லலை."

அவர் மேசையில் சீவின பென்சில்கள் ஒரு டம்ளர் நிறைய இருந்தன. அவற்றை ஒருமுறை வெளியே எடுத்து நேராக்கி உள்ளே போட்டார். பிறகு என் எதிரிலேயே ஆலைக்கு ஒரு கடிதம் எழுதினார். விஷயம் எங்கள் பக்கத்திலிருந்துதான் வெளியே போனது, பொறுப்பு தன்னுடையது என்று இரண்டே வரி. என் பெயர் அதில் இல்லை. அந்தக் கம்பெனியின் வேலை அதற்குப் பிறகு எங்களுக்கு வரவே இல்லை. சார் என்னை வேலையைவிட்டு நிறுத்தவும் இல்லை, சரி செய்தீர்கள் என்று சொல்லவும் இல்லை. "உங்களை இப்ப எந்த கேட்டுக்குள்ளயும் அனுப்ப முடியாது. கொஞ்ச நாள் கடற்கரைப் பக்கம் பாருங்க" என்றார்.

பதினோரு மாதம் மாமல்லபுரம் பக்கம் இருந்தேன். ஓட்டல் நீச்சல் குளம், பட்டுப் புடவை, சன்கிளாஸ் என்று விளம்பரங்கள். காற்று அடித்தால் குடை பறக்கும், மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. அங்கே நிற்கக் கூடாதது எதுவும் இல்லை. பற்றிக்கொள்வது எதுவும் இல்லை. எல்லோரும் நிழலில் உட்கார்ந்து இளநீர் குடிப்பார்கள். நான் மணலில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருப்பேன். கியர் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்று கிளார்க்குக்கு தினமும் போன் செய்வேன். ஒருநாள் அவரே, "நீ இன்னா எஸ்தர், எங்களவுட பேஜாரா கீற" என்று அலுத்துக்கொண்டார்.

அவர் சொல்லித்தான் மீதியெல்லாம் தெரிந்தது. பத்தொன்பது நாள் கேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு லாரியையும் விடவில்லை. பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனதும் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிடுவது என்றுதான் முதலில் இருந்த ஏற்பாடாம். அது நடக்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். நூற்றிருபது பேரை ஓசூர் பக்கத்தில் இருந்த தங்கள் இன்னொரு ஆலைக்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். ஓசூர் போகிறவர்களின் பட்டியலைக் கிளார்க் போனிலேயே வாசித்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏழுமலையின் பெயர் வரவில்லை.

"முன்னாடி உக்காந்தவன எவன் எடுப்பான்?" என்றார் கிளார்க்.

அதற்குப் பிறகு நான் தொழிற்சாலைகளுக்குத் திரும்பினேன். வேலை வந்தது, நடந்தது. சார் ரெக்கி முடிந்ததும் மூன்று கேள்வியும் கேட்பார். மூன்றாவதைக் கேட்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த விஷயத்தை நாங்கள் இருவரும் அப்புறம் பேசவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து என் தம்பி வீட்டுக்கு செய்யூர் போயிருந்தேன். தம்பி வீட்டு போர் மோட்டார் எரிந்துபோய், காயில் கட்ட எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். யாரிடம் என்று கேட்டேன். "ஏழுமலைன்னு ஒருத்தர். முன்னாடி கியர் ஃபேக்டரில இருந்தாரு" என்றான் தம்பி. மோட்டாரை நானே வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். தம்பி என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

சவுக்குத் தோப்பைத் தாண்டி ரோட்டோரத்தில் ஓட்டு வீடு. பக்கத்தில் ஷீட் போட்ட சின்னக் கொட்டகை. ஏழுமலை தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். மடியில் மோட்டார் இருந்ததால் முடியவில்லை.

"இன்னா மேடம், இவ்ளோ தூரம்!"

நான் வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "உங்க பேரு லிஸ்ட்ல இல்லைன்னு கேள்விப்பட்டேன்" என்றேன்.

"அத்த வுடுங்க. நூத்தி இருவது பேரு போனானுங்கோ இல்ல."

"கல்பாக்கம் போயிருக்கலாம் நீங்க."

அவர் கம்பியை இரண்டு சுற்று சுற்றினார். "போயிருந்தா நல்லாத்தான் இருந்துருக்கும் மேடம். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். மாசம் பொறந்தா சம்பளம். இது சீசன் இருந்தா உண்டு, இல்லன்னா இல்ல. ஆனா அன்னிக்கி வேற இன்னா பண்றது, எனக்குத் தெரியல."

நான் மன்னிப்புக் கேட்க வந்தேனா, நன்றி சொல்ல வந்தேனா, எனக்கே தெரியவில்லை. அவர் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தார். கையில் முறம். ஏழுமலையின் மனைவி, பெயர் அமுதா. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்த ஷூட்டிங் மேடமா?"

"ஆமா."

"இந்த ஆளுகிட்ட போயி ஏன் சொன்னீங்கோ?" குரலில் கோபம் அப்படியே இருந்தது. இரண்டு வருடமாகக் காத்திருந்த கோபம். "இவரப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்? இவரு ஒரு பஸ்ல சீட் கெடச்சாகூட நாலு பேர உக்கார வெச்சிட்டு நின்னுகினு வர்ற ஆளு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கைய புடிச்சி இட்டுகினு போயி கல்பாக்கம் பஸ்ல ஏத்தி வுட்டுருப்பேன் இல்ல?"

ஏழுமலை தலையைத் தூக்காமலே, "அவ சொல்றது ரைட்டுதான் மேடம்" என்றார்.

இருபத்தாறு வருடம் எல்லாவற்றையும் யோசித்துத் திட்டம் போட்டவள். ஒரு ஆளிடம் ஒரு விஷயம் சொன்னால் அது அவர் வீட்டில் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் யோசித்ததே இல்லை.

அமுதா முறத்தைக் கீழே வைத்தார். "உக்காருங்க. வெயில்ல வந்துகிறீங்கோ" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு கேட்டார்.

"இன்னும் அந்த வேலதான் பண்றீங்கோளா? ஃபேக்டரிக்குப் போறது?"

"ஆமா."

"மறுபடி இது மாரி ஒண்ணு வந்தா எனக்கு போன் பண்ணுங்கோ. ஃபேக்டரிக்காரங்களுக்கு வாணாம், ஆம்பளைங்களுக்கும் வாணாம். எனக்கு. எந்த ஃபேக்டரியா இருந்தாலும் சரி. இந்தப் பக்கம் பாதி ஊரு ஃபேக்டரிக்குத்தான் போவுது. எந்த வூட்ல எந்தப் பொம்பளைக்குச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

நம்பரை அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். தம்பி வீட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், வரதராஜன் சார் விலகி வேறு ஒருவர் பொறுப்பில் இருந்தபோது, என் மேசைக்கு ஒரு பட்டியல் வந்தது. வேறு கம்பெனி, வேறு இடம். கடைசி வரியில் ஆட்கள் வேண்டாம் என்று இருந்தது. கூடவே கையெழுத்துப் போட வேண்டிய காகிதம். பேனாவை எடுத்தேன். கீழே வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கி, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன். டீக்கடைப் பக்கத்தில் நின்று அந்த நம்பரைப் போட்டேன்.

ஒரே ரிங்கில் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"சொல்லுங்க மேடம்" என்றார் அமுதா. "எந்த ஃபேக்டரி?"